42 − 17 = 35 என்று எழுதும் பிள்ளைக்கு எதை வைத்துச் சொல்லித் தருவது?

கேள்வி:
மகள் இரண்டாம் வகுப்பு. 42-இல் 17 போனால் 35 என்கிறாள். "இருபத்தி மூன்று" சொன்னால் 203 எழுதுகிறாள். நூறு வரை தடையில்லாமல் எண்ணுவாள். வீட்டில் மணிச்சட்டமும் புளியங்கொட்டையும் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்?

பதில் 1:
35 கவனக்குறைவால் வந்ததல்ல. 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறாள். மணிச்சட்டத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அதில் பத்துக்கும் ஒரு மணி, ஒன்றுக்கும் ஒரு மணி. பத்துக்குள் பத்து ஒன்று இருப்பது கண்ணில் படாது. புளியங்கொட்டை எண்ண நல்லது, கட்ட முடியாது. ஐஸ் குச்சி 100, ரப்பர் பேண்ட் 10 போதும். ஈர்க்குச்சியை நறுக்கினாலும் சரி, முனை குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பத்தாக அவளே எண்ணிக் கட்டட்டும். நீங்கள் கட்டித் தந்தால் உள்ளே பத்து இருக்கிறது என்று அவள் வெறுமனே நம்ப வேண்டியிருக்கும். பிறகு 42 எடுக்கச் சொல்லுங்கள்: 4 கட்டு, 2 உதிரி. "எனக்கு 17 கொடு" என்று கேளுங்கள். அந்த 17-ஐத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 59 குச்சி முன்னால் கிடந்தால் பிள்ளை கூட்டத்தான் செய்யும்.

ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, உதிரி 2தானே என்று திணறுவாள். திணறட்டும், நீங்கள் அவிழ்க்க வேண்டாம். அவளே ஒன்றை அவிழ்த்து 7 கொடுத்தால் 2 கட்டு, 5 உதிரி மிஞ்சும். இன்னொரு நாள் 42-ஐ வைத்து ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து, "இப்போது மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி 1-இலிருந்து எண்ணினால் கழித்தலை நிறுத்திவிட்டு, கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இன்னும் சில நாள் போகட்டும்.

பதில் 2:
203-க்கு அட்டை செய்யுங்கள். காதில் விழுந்தபடியே 20, 3 என எழுதுகிறாள். 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலம்; 10, 20 என 90 வரை 8 செ.மீ. உயரம் ஒன்றே. 20-இன் மேல் 3-ஐ வலது ஓரமாக வைத்தால் பூச்சியம் மறைந்து 23 தெரியும். எல்லாம் ஒரே அளவில் வெட்டினால் பயனில்லை. தொண்ணூறைக் கூடுதலாகப் பழக்குங்கள், அதில் நூறு ஒலிக்கிறது.

கேட்டவர்:
நன்றி. நோட்டில் எப்போது எழுத வைக்கலாம்?

பதில் 1:
கட்டை அவிழ்க்கும் அதே நேரத்தில். கை ஒரு கட்டை அவிழ்த்ததும் 4-ஐ அடித்து 3, 2-ஐ அடித்து 12. "கடன் வாங்கு" என்று சொல்லாதீர்கள். யாரிடமும் வாங்கவில்லை, திருப்பித் தரப்போவதும் இல்லை. "அவிழ்" போதும். இது பழகிய பின் பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, 100-இல் 36 கேளுங்கள். முதலில் பெரியது, பிறகு சிறியதில் ஒன்று: 9 கட்டு, 10 உதிரி.