டோர்ச் வெளிச்சத்தில் கப்பலும் கிரீடமும்

மட்டக்களப்பில் சுழியோடியவர்கள் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது 'ஹேர்மிஸ்' கப்பல்தான். விமானங்களைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. நான் அதில் இறங்கியதில்லை. 50 மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது, என் பயிற்சிக்கு எல்லை 40 மீட்டர். நான் பார்த்தது பாசிக்குடாப் பக்கம் கிடக்கும் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' எண்ணெய்க் கப்பலை. சுமார் 24 மீட்டர் ஆழம். இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9.

அன்றைக்கு அம்மப்பாவுக்கு எட்டு வயது. எங்கள் வீடு புளியந்தீவில். வாவி சூழ்ந்த சின்னத் தீவு, கோட்டையிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் எங்கள் தெரு. கடல் பக்கமிருந்து இடி மாதிரிச் சத்தம் வந்ததும், அவருடைய அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் அவருக்கு நினைவிருக்கிறது. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. இதையெல்லாம் நான் வாசித்துச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

அவர் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஆடியவர், பிறகு கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஆனவர். அதனால்தான் 2016-இல் நான் கடலில் இறங்கிவிட்டு வந்ததும் அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"என்ன நிறம் மனே, கப்பல்?"

சாம்பல் என்றேன். உண்மையில் கீழே போனதும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. உடைந்த இரும்பு, எங்கும் மங்கிய நீலம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். என் கையில் கட்டியிருந்த சிவப்பு நூல்கூடக் கறுத்துத் தெரிந்தது. டோர்ச்சைப் போட்டதும் என் மூச்சே ஒரு கணம் தப்பியது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் இரும்புத் தகடு முழுக்கச் சிவப்பும் செம்மஞ்சளுமாகப் பவளம் பூத்திருந்தது. ஒரு முழம் தள்ளினால் மறுபடி சாம்பல். எங்கே பிடிக்கிறோமோ அங்கேதான் கப்பலுக்கு நிறம்.

அதைச் சொன்னதும் கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கட களரியும் அப்பிடித்தான்டா" என்றார். பெட்ரோமாக்ஸ் வருவதற்கு முன்னால் வட்டக்களரி என்ற கூத்து மேடையைச் சுற்றிப் பந்தங்கள் எரியுமாம். ராசா ஆடிக்கொண்டு பந்தத்துக்குக் கிட்ட வரும்போதுதான் உடுப்பில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மின்னும், அப்பால் போனால் ஆள் வெறும் நிழல். சனம் நாலு பக்கமும் இருந்ததால் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொரு நேரம் பளிச்சிடும். விடிய விடிய அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் என்றார்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுபோனதில் அம்மப்பாவுக்குப் பெருமைதான். அப்படி மேடையேறிய 'இராவணேசன்' கூத்தில் மௌனகுரு ஆடியதைப் பற்றி ஆசையாகப் பேசுவார். ஆனால் முன்னாலிருந்து சமமாக அடிக்கும் மின்வெளிச்சம் மட்டும் அவருக்குப் பிடிக்காது. என் கருத்தும் அதுதான். கூத்து வட்டமாகப் பார்க்க வேண்டிய கலை. கப்பலையும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் பார்த்ததாகாது.

அன்றிரவே அவர் கேட்டபடி அலமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே பழைய சேலையில் சுற்றிய மரக் கிரீடம். பாதிக் கண்ணாடிகள் உதிர்ந்திருந்தன, ஓரத்தில் கறையான் அரித்திருந்தது. வீட்டு லைட்டை அணைக்கச் சொன்னார். நான் கடலுக்குக் கொண்டுபோன டோர்ச்சைப் போட்டதும் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டுகள் ஓடின. அவர் கிரீடத்தை மெதுவாகத் திருப்பினார், உதடு தாளக்கட்டு சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடி மனே" என்றார்.