செப்டம்பர் 1, நெல்லைக்குப் பிறந்தநாளா?

டவுன்காரன்: தெருப் பிள்ளைகளை வைத்துக் கொண்டாட ஆசை. ஆனால் நெல்லையப்பர் கோயில் எவ்வளவு பழசு! இந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

பாளை வாசகி: 1790 செப்டம்பர் 1-ல் கிழக்கிந்தியக் கம்பெனி திருநெல்வேலி மாவட்டத்தை உருவாக்கியது. அதாவது, மாவட்டத்தின் பிறந்தநாள். ஊரைச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி: எனக்கு 1843தான் பெரிசு தம்பி. சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டுக் கட்டிய ஆற்றுப்பாலம் திறந்த வருஷம் அது. அதுவரை பாளையங்கோட்டைக்கும் நெல்லை டவுனுக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் தாண்ட வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. ஒரு மனிதர் கொடுத்த பணம், இன்றைக்கும் நாம் அதன்மேல் போகிறோம்! பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் அந்த வளைவுகளைக் காட்டுங்கள்.

டவுன்காரன்: சரி அண்ணாச்சி, காலையிலேயே கூட்டி வருகிறேன். நீங்களும் வந்து கதை சொல்லணும்.