கோபத்தை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று 3 வருடம் ஆகிறது. பெரிய சண்டை ஏதும் இல்லை, தினமும் சின்னச் சின்ன எரிச்சல்தான். நேற்று சமையலறையில் மூடி ஒன்று விழுந்த சத்தத்துக்கு மகளிடம் கத்திவிட்டேன். மூடியை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

கோபத்தை அளக்கும் டார்-5 (DAR-5) என்ற ஐந்து கேள்விப் படிவத்தை நிரப்பினேன். 25க்கு 12 வந்தாலே கவனிக்க வேண்டுமாம், எனக்கு 16. சரி, ஆனால் அது கடந்த 4 வாரத்தை மொத்தமாகத்தான் கேட்கிறது. அதனால் நேரம், காரணம், 10க்கு எவ்வளவு கோபம், முந்தைய இரவுத் தூக்கம் என்று நோட்டில் எழுதுகிறேன். ராத்திரி உட்கார்ந்தால் பாதி மறந்துபோகிறது. மீதியில் நியாயம் எப்போதும் என் பக்கம்தான்!

போனில் அலாரம் வைத்து அவ்வப்போது எழுதலாமா? வீட்டார் தனியாகக் குறித்தால் சரிவருமா, அதுவே சண்டையாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஆலோசகரிடம் காட்ட வேண்டும்.