கோஸ்டா ரிக்கா ஆமை வாலன்டியரிங், போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஃப்ரெண்ட்ஸ் ஒரு ஹெல்ப். அடுத்த வருஷம் கோஸ்டா ரிக்கா டோர்ட்டுகேரோ பக்கம் கடல் ஆமை பாதுகாப்புல ஒரு மாசம் வாலன்டியரா போலாம்னு இருக்கேன், பச்சை ஆமைங்க ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் அங்க முட்டை போட வருமாம், அதான் ஆகஸ்ட் பாத்து வச்சிருக்கேன். ரோடு கிடையாது, படகுலயோ குட்டி ஃப்ளைட்லயோ தான் போகணும்னு படிச்சேன்.

ஆமைங்களைத் தேடி ராத்திரில பல மணி நேரம் பீச்ல நடக்கணும், டார்க் கலர் டிரஸ், வெள்ளை லைட் அடிக்கக்கூடாது சிவப்பு லைட் தான், ஃபோட்டோவும் கூடாது, இதெல்லாம் ஓகே. மணல்ல அத்தனை மணி நேரம் நடக்குறது தான் பயமா இருக்கு (எனக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்), எப்படி ரெடி ஆனீங்க?

இன்னொன்னு, ஒரு ஏஜென்ட்கிட்ட விசாரிச்சா ஃபீஸ் எக்கச்சக்கமா சொல்றாங்க, அதுல எவ்ளோ ஆமைக்குப் போகுதுன்னு கேட்டா பேச்சை மாத்துறாங்க. குஞ்சுகளைக் கைல வச்சு செல்ஃபி எடுக்கலாம்னு விளம்பரம் வேற, அதைப் பாத்ததுமே மனசு ஒப்பல. நேரா ப்ராஜெக்ட்டுக்கே மெயில் போட்டு போனவங்க இருக்கீங்களா? ஸ்பானிஷ் சுத்தமா தெரியாது, சமாளிச்சிடலாமா? விசா, இன்சூரன்ஸ் பத்தியும் கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.