தொலைவிண்வெளிப் பயணத்துக்கு ஒளிப்பாய் ஏற்ற வழிதானா?

வடமீன்:

அனைவருக்கும் வணக்கம். சூரிய மண்டலத்துக்கு அப்பால் அனுப்பப்படும் அடுத்த கலம் ஒளிப்பாய்க் கலமாக, அதாவது கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தை விரித்து, அதில் படும் சூரிய ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்படும் கலமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுப்பவர்கள் எண்களோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு 3.6 வானியல் அலகு வீதம் சென்றுகொண்டிருக்கிறது. (ஒரு வானியல் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு, சுமார் 15 கோடி கிலோமீட்டர்.) விண்மீனிடை வெளியை அடைய அதற்கு 2012 ஆகஸ்டு வரை, 35 ஆண்டுகள் ஆயின. சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறும் கலங்களில் இன்றும் அதுவே மிக வேகமானது.

ஆனால் நாம் பார்க்க ஏங்குவது அதைவிட வெகுதொலைவில் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு, தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து, 550 வானியல் அலகுக்கு அப்பால் ஒரு வில்லையைப் போல ஒரு கோட்டில் குவிக்கிறது. அங்கே ஒரு சிறிய தொலைநோக்கியை நிறுத்தினால், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின் நிலப்பரப்பையும் மேகங்களையும் படமாக மீட்டெடுக்க முடியும் என்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்லாவா துரிஷேவ் தலைமையிலான குழு விரிவாகக் கணித்திருக்கிறது. இப்பூமியில் இருந்துகொண்டு எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கட்டினாலும் கிடைக்காத காட்சி அது. வாயேஜரின் வேகத்தில் அவ்விடத்தை அடைய 150 ஆண்டுகள் ஆகும். எரிபொருளைத் தள்ளவே மேலும் எரிபொருளைச் சுமக்கும் ராக்கெட்டால் இந்தக் கணக்கை மாற்ற இயலாது. தள்ளும் பொருளைச் சுமக்கவே தேவையில்லாத பாயால் இயலும்.

அணுக்கரு:

நண்பர் வடமீன் அவர்களுக்கு வணக்கம். ஈர்ப்பு வில்லையின் அருமையை நான் மறுக்கவில்லை. அங்கே போவதற்குப் பாயை நம்புவதைத்தான் மறுக்கிறேன்.

பூமி இருக்கும் தொலைவில், குறையின்றி ஒளியைத் திருப்பும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் மீது சூரிய ஒளி செலுத்தும் விசை சுமார் 9 மைக்ரோநியூட்டன். ஜப்பான் 2010 மே மாதம் ஏவிய இகாரோஸ், வெள்ளிக்குச் செல்லும் வழியில் 14 மீட்டர் பக்கமுடைய சதுரப் பாயை விரித்து, கோளிடை வெளியில் ஒளிப்பாய் இயங்கும் என்பதை முதன்முதலில் நிறுவியது. அதன் பாயில் அளக்கப்பட்ட விசை 1.12 மில்லிநியூட்டன், பூமியில் 0.11 கிராம் பொருளின் எடைக்குச் சமம். சுமார் 310 கிலோ எடையுள்ள கலத்தை அந்த விசை ஓராண்டு முழுவதும் மாறாமல் தள்ளியிருந்தாலும், நொடிக்கு 114 மீட்டர்தான் வேகம் கூடியிருக்கும். நாம் பேசும் பயணத்துக்கு நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர்கள் தேவை. தொலைவு கூடக் கூட, ஒளியின் அழுத்தம் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. வியாழனருகே 27-இல் ஒரு பங்கு. நெப்டியூனருகே 900-இல் ஒரு பங்கு. தொலைவிண்வெளியில் பாயைத் தள்ள எதுவுமே மிஞ்சாதபோது அதனைத் தொலைவிண்வெளிக்கு உரிய கலம் என்று எவ்வாறு அழைப்பது?

தேன்சிட்டு:

நான் இயற்பியல் மாணவி; இடையில் ஒரு கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும். பாயைத் தள்ளுவது சூரியக் காற்று என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால், சூரியக் காற்றின் எல்லை வரைக்கும் பாய் தள்ளப்படும் அல்லவா? இங்கு இருவரும் ஒளியைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குப் புரியவில்லை.

ஆடிக்காற்று:

தங்கை தேன்சிட்டுக்கு நான் விடை சொல்கிறேன். சூரியக் காற்று என்பது புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் கொண்ட துகள் ஓட்டம். அது பாயின் மீது தரும் அழுத்தம், ஒளி தரும் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒளித்துகளான ஃபோட்டானுக்கு நிறை இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு. அது பாயில் பட்டுத் திரும்பும்போது இருமடங்கு உந்தத்தைப் பாய்க்குத் தருகிறது. வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கண்டு 17-ஆம் நூற்றாண்டிலேயே கெப்ளர் இதை ஊகித்தார்; மாக்ஸ்வெல் கோட்பாட்டால் கணித்தார்; 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவின் லெபெதேவ் ஆய்வகத்தில் அளந்து காட்டினார்.

இந்த அழுத்தம் நம் நாட்டுக்கும் பாடம் கற்பித்திருக்கிறது. இன்சாட் 1 வரிசைச் செயற்கைக்கோள்களில் சூரியத் தகடுகள் ஒரு பக்கம் மட்டுமே இருந்தன. கதிர்வீச்சுமானி குளிர்ச்சியாக இருக்க வேண்டி மறுபக்கம் திறந்திருந்தது. ஒளி ஒரு பக்கத்தை மட்டும் தள்ளிக் கலத்தைத் திருப்பிவிடாதபடி, மறுபக்கத்தில் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய பாயை வைத்தார்கள். 1982-இல் ஏவப்பட்ட இன்சாட் 1ஏ-வில் அந்தப் பாய் விரியவில்லை. சமநிலையைக் காக்க எரிபொருள் அளவுக்கு மீறிச் செலவாகி, அதே ஆண்டில் செயற்கைக்கோள் கைவிடப்பட்டது. ஆகவே, இவ்விசை சிறியது என்பதற்காக அதைப் புறந்தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்.

வடமீன்:

அணுக்கரு ஐயா சுட்டிய இருமடி விதியை நான் எனக்கே சாதகமாக எடுத்துக்கொள்கிறேன். தொலைவில் பாய் பயன்படாது, உண்மை. தொலைவில் அது பயன்பட வேண்டிய தேவையும் இல்லை. முதலில் கலம் சூரியனை நோக்கி விழ வேண்டும். 0.1 வானியல் அலகில் ஒளியின் அழுத்தம் 100 மடங்கு, 0.05-இல் 400 மடங்கு. அங்கே பாயைச் சூரியனுக்கு முகமாகத் திருப்பினால், தேவையான வேகத்தின் பெரும்பகுதி சில நாட்களில் கிடைத்துவிடும். மீதிப் பயணம் முழுவதும் அந்த வேகத்தின் செலவுதான். வழியில் பாயைக் கழற்றி விட்டுவிடலாம்.

எண்களையும் தருகிறேன். பாய், தண்டு, கருவி அனைத்தையும் சேர்த்த கலத்தின் எடையைப் பாயின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1.53 கிராம் வருமானால், ஒளியின் தள்ளுதலும் சூரியனின் ஈர்ப்பும் எந்தத் தொலைவிலும் சரிசமமாகிவிடும். நாம் அவ்வளவு மெல்லிய கலத்தைக் கேட்கவில்லை. சதுர மீட்டருக்கு 15 கிராம் உள்ள கலம், பரவளையப் பாதையில் (சூரியனின் ஈர்ப்பிலிருந்து மட்டுமட்டாகத் தப்பும் பாதை) 0.1 வானியல் அலகு வரை வந்து பாயைத் திருப்பினால், நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தோடு சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறும். அது வாயேஜரைப் போல இரண்டரை மடங்கு. 6 கிராமாகக் குறைத்து 0.05 வரை போனால் நொடிக்கு 95 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு 20 வானியல் அலகு. 550-ஐ 28 ஆண்டுகளுக்குள் அடையலாம். கலத்தை வடிவமைத்த ஒருவர் தம் பணிக்காலத்துக்குள்ளேயே அது அனுப்பும் முதல் படத்தைப் பார்த்துவிட முடியும். இந்த வேகத்தைத் தரும் வேறெந்தக் கருவியை ஐயா காட்டுவீர்கள்?

அணுக்கரு:

அதே எண்களை எடுத்துக்கொண்டு பொறியியலுக்கு வருகிறேன். மொத்தம் 100 கிலோ கலத்துக்குச் சதுர மீட்டருக்கு 6 கிராம் என்றால் பாயின் பரப்பு ஏறத்தாழ 16,700 சதுர மீட்டர். ஒரு பக்கம் 129 மீட்டர். விண்ணில் இதுவரை விரிந்த ஒளிப்பாய்களில் பெரியதான இகாரோஸின் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். அக்கலத்தின் மொத்த எடையைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிராம். 2019-இல் விரிந்த லைட்செயில் 2-இல் சுமார் 156 கிராம். நீங்கள் கேட்பது 6. நாசா 2024-இல் 80 சதுர மீட்டர்ப் பாயை விரித்தபோதே அதன் நான்கு தண்டுகளில் ஒன்று சற்று வளைந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெப்பம் அடுத்த தடை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். 2024 டிசம்பரில் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிய பார்க்கர் கலம், 11 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்ட கார்பன் கவசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிழைத்தது. நீங்கள் சொல்லும் 0.05 என்பது 75 லட்சம் கிலோமீட்டர். ஒளிந்துகொண்ட பாய் உந்தாது. ஒளியை முழுமையாக எதிர்கொள்வதே அதன் வேலை. அதற்குப் பிறகும், 550-இல் சூரிய ஒளி மூன்று லட்சத்தில் ஒரு பங்கு என்பதால், கருவிகளுக்கு மின்சாரம் தர, கதிரியக்கத்தால் வெப்பம் தரும் புளூட்டோனியம் 238 வேண்டும். அணுவை எப்படியும் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும்போது, அணு உலையின் மின்சாரத்தில் அயனி உந்துபொறியை (மின்னேற்றிய வாயுவை மிக வேகமாகப் பின்னால் தள்ளும் பொறி) ஓட்டலாம் என்கிறேன். நாசாவின் டான் கலம் சுமார் 425 கிலோ செனான் வாயுவைக் கொண்டு தன் வேகத்தை நொடிக்கு 11 கிலோமீட்டர் மாற்றி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள வெஸ்டா, செரஸ் என்னும் இரு சிறிய வான்பொருள்களையும் சுற்றி வந்தது. அது பறந்து காட்டிய பொறி.

வடமீன்:

டான் பறந்தது சூரியத் தகடுகளின் மின்சாரத்தில். அணு உலையில் அன்று. அமெரிக்கா விண்ணில் இயக்கிய ஒரே அணு உலை 1965-இல் ஏவிய ஸ்னாப் 10ஏ. 43 நாட்கள் ஓடியது. சோவியத் ஒன்றியம் பலவற்றை ஏவியது. 1978-இல் அவற்றுள் ஒன்றைச் சுமந்த காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவின் மீது விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறவிட்டது. பறந்து காட்டியதையே அளவுகோலாகக் கொண்டால், உங்கள் உலை என் பாயைவிடப் பின்தங்கியிருக்கிறது.

எடைக்கு வருகிறேன். சிறுகோளை நோக்கி அனுப்பிய நியா ஸ்கவுட் என்னும் சிறிய கலத்துக்காக நாசா செய்த பாயின் தடிமன் 2.5 மைக்ரான், சதுர மீட்டருக்குச் சுமார் 3.6 கிராம். உங்கள் 100 கிலோ கலத்தில் படலத்துக்கு 60 கிலோ போனால், தண்டுக்கும் கருவிக்கும் 40 கிலோ மிஞ்சும். நெருக்கமான கணக்குதான். ஆனால் பிழையான கணக்கு என்று சொல்ல முடியாது. வெப்பத்தைத் தாங்கும் படலத்துக்கான தேடல் இன்னும் முடியவில்லை என்பதை ஏற்கிறேன், 0.2 வானியல் அலகில் தொடங்கிப் படிப்படியாகச் சூரியனை நெருங்கலாம்.

ஆடிக்காற்று:

நியா ஸ்கவுட் 2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 நிலவுப் பயணத்துடன் சென்று, ஒருமுறைகூடத் தொடர்புக்கு வராமலே போனது என்பதையும் வடமீன் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். படலம் சரியாக இருந்தும் சிறிய கலத்தின் மற்ற உறுப்புகள் கைவிடுகின்றன. 550 வரை 28 ஆண்டுகள் உழைக்க வேண்டிய கலத்துக்கு இது சிறிய கவலையன்று.

இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பாய் இன்றே பயன்படக்கூடிய இடம் சூரியனுக்கு அருகில் இருக்கிறது. ஆதித்யா எல்1 நிற்கும் புள்ளி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் ஈர்ப்பைப் பகுதியளவு ஈடுசெய்யும் பாய் இருந்தால், அதைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக ஒரு கலத்தை நிலைநிறுத்தி, சூரியப் புயல் எச்சரிக்கையை மேலும் முன்கூட்டியே பெறலாம். நாசாவின் சோலார் குரூசர் திட்டம் இதை நோக்கித்தான் 1,653 சதுர மீட்டர்ப் பாயை வடிவமைத்தது. அத்திட்டம் பறக்க அனுமதிக்கப்படாமல் போனதே இத்துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்று கருதுகிறேன். 200-இலிருந்து 16,700-க்குத் தாவாமல் இடையில் இப்படியொரு பாய் பறந்தாக வேண்டும்.

தேன்சிட்டு:

விளக்கத்துக்கு நன்றி, அண்ணா. அருகிலுள்ள விண்மீனுக்குக் கலம் அனுப்ப 2016-இல் அறிவித்த ஸ்டார்ஷாட் திட்டத்தில், சூரியனுக்குப் பதில் பூமியிலிருந்து லேசரால் தள்ளுவதாகச் சொன்னார்களே. அது அணுக்கரு ஐயாவின் மறுப்புக்கு விடையாகாதா?

அணுக்கரு:

ஆகாது, அம்மா. அத்திட்டம் கேட்பது 100 கிகாவாட் லேசரும் சில கிராம் கலமும். நாம் பேசும் தொலைநோக்கியைச் சில கிராமில் அடக்க முடியாது.

ஆடிக்காற்று சொன்ன வழிக்கு நான் உடன்படுகிறேன். ஒரு பாய் 0.2 வானியல் அலகு வரை சென்று, படலம் கிழியாமலும் தண்டு வளையாமலும் வெளியே வரட்டும். அதன் பிறகு 550-ஐப் பற்றிப் பேசலாம். அதுவரை, தொலைவிண்வெளியைக் காட்டி இதற்கு நிதி கேட்பது முறையன்று என்பதில் நான் மாறவில்லை.

வடமீன்:

தொலைவான இலக்கைச் சொல்லாமல் அந்தச் சோதனைக்கு நிதி வராது, ஐயா. 1976-இல் ஹாலி வால்மீனுக்காக 800 மீட்டர் அளவிலான பாயை ஜெட் உந்துவிசை ஆய்வகம் வரைந்தது. ஹாலி கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது. அதனோடு இணைந்து செல்ல வேண்டுமெனில் கலத்தின் இயக்கத்தையே தலைகீழாகத் திருப்ப வேண்டும். சூரியனருகே பொறுமையாகச் சுற்றிச் சுற்றி அதைச் செய்ய ஒளிப்பாயால் முடியும் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே, இன்று நீங்கள் சொல்லும் அதே காரணங்களுக்காகப் பாயை ஒதுக்கி அயனிப் பொறியைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. 1986-இல் ஐரோப்பாவின் ஜியோட்டோ நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் ஹாலியைக் கடந்து சென்றது. அதனோடு தங்கிப் பார்க்க எவரும் கலம் அனுப்பவில்லை. ஹாலி 2061-இல் திரும்பி வருகிறது. 0.2 வரை செல்லும் சோதனைப் பாயை இந்தப் பத்தாண்டுக்குள் தொடங்கினால், அந்தச் சந்திப்புக்கும் 550-க்கும் ஒரே தொழில்நுட்பம் உதவும். ஆடிக்காற்று கேட்கும் 1,653 சதுர மீட்டர்ப் பாயையே முதல் படியாகக் கொள்ள எனக்கு மறுப்பில்லை.