வெட்டின புல்லை அள்ளுவது: உங்கள் அனுபவம் என்ன?

பச்சைக்கை
பெரிய வெட்டவெளி. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மோவரோடு வந்த பை கொஞ்ச தூரத்திலேயே நிறைந்துவிடும், அதைக் கழற்றிக் கொட்டுவதிலேயே பொழுது போய்விடும். அதனால் மோவருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய ஸ்வீப்பர் ஒன்றை மலிவாகப் பிடித்தேன். இன்ஜின் இல்லாத வகை. சக்கரம் உருள உருள பிரஷ் சுற்றிப் புல்லைப் பின்கூடைக்குள் வீசும், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒருநாள் பனி காயும் முன்னே அவசரமாக ஓட்ட வேண்டி வந்தது. பிரஷில் புல் பசையாக அப்பி, சக்கரம் உருளாமல் சறுக்கிக்கொண்டே வந்தது. கூடையில் சேர்ந்ததையாவது கொட்டலாம் என்று சீட்டில் இருந்தபடியே கயிற்றை இழுத்தேன். கூடை கவிழ்ந்தது, புல் விழவில்லை. அடித்துணியோடு ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது! அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஈரத்தில் ஓட்டக்கூடாது என்பது தெரியும், அதைச் சொல்ல வேண்டாம். என் கேள்வி வேறு. நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டினாலும் பாதிதான் வருகிறது. யாருக்காவது முழுசாக வந்திருக்கிறதா?

ஒட்டுப்பலகை
நான் ஸ்வீப்பர் பக்கமே போகவில்லை. மச்சான் பழைய டிரெய்லர் மேல் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தார். மோவர் புல்லை வெளியே வீசும் பக்கவாயிலிருந்து பெட்டி வரைக்கும் தடிமனான பிளாஸ்டிக் குழாய். செலவு ஒன்றும் பெரிதில்லை, பார்க்கவும் ஜோராக இருந்தது.

ஓட்டினால் வாய் அடைக்கிறது. குத்திவிட்டு ஓட்டினால் மறுபடி அடைக்கிறது. புல்லெல்லாம் மோவருக்கு அடியிலேயே சிதறுகிறது. மச்சான் முதலில் குழாய் சின்னது என்றார், அப்புறம் பிளேடு மழுங்கல் என்றார். பிளேடைத் தீட்டியும் அதே கதைதான். நான் தற்செயலாகப் பெட்டி மூடியின் இடுக்கில் கையை வைத்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

புல்லைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போவது பிளேடு கிளப்பும் காற்றுதானே. உள்ளே போன காற்று வெளியேற வழி இல்லையென்றால் புல் எப்படி நகரும்? பெட்டியின் பின்பக்கம் மேல்பாதியை அறுத்து எடுத்துவிட்டு நிழல்வலை அடித்தோம். அதோடு அடைப்பு நின்றது. மச்சான் இன்றுவரை குழாயைத்தான் குறை சொல்கிறார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

நுனிப்புல்
ஒட்டுப்பலகை, 'குத்திவிட்டு' என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். இன்ஜினை அணைத்து, பிளேடு நின்ற பிறகுதானே குத்தினீர்கள்? அடைப்பை எடுக்கப் போய் விரலைக் கொடுத்தவர்கள் உண்டு.

பச்சைக்கை, பாதிதான் வருகிறது என்பதற்குக் காய வைத்தது காரணம் இல்லை. துண்டின் நீளத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாக வெட்டினால் காயக் காயச் சுருங்கி, நிற்கிற புல்லின் அடிக்குள் இறங்கிவிடும். அங்கே பிரஷ் எட்டாது. விரல் நீளத் துண்டு என்றால் மேலேயே கிடக்கும், காய்ந்தாலும் கூடைக்கு வரும். உங்கள் மோவரில் மல்ச்சிங் பிளேடு மாட்டியிருக்கிறதா பாருங்கள். அது புல்லை உள்ளேயே சுழற்றிப் பொடியாக்கிக் கீழே போடத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அள்ள நினைத்தால் நடக்காது. நுனி நன்றாக மேலே வளைந்த, காற்றைத் தூக்கும் பிளேடு மாட்டுங்கள். பிரஷ் உயரமும் முக்கியம். அது நிற்கிற புல்லின் நுனியைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். தரையைத் தேய்க்கிற மாதிரி இறக்கினால் மண்ணும் வரும், பிரஷும் தேயும்.

இன்னொன்று, வெட்டும் திசை. பக்கவாய் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தைப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்தில் வீசுகிற மாதிரி வாருங்கள். ரெண்டு ஓட்டத்துப் புல்லும் ஒரே வரியாகச் சேரும், மைதானம் முழுக்க ஸ்வீப்பரை இழுக்க வேண்டியதில்லை, வரி மேல் மட்டும் போனால் போதும். வரி ரொம்பத் தடித்தால் பிரஷ் திணறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் சின்னது. இப்படி அழகாக வரி சேர்த்து வைத்துவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் காற்று வரியையெல்லாம் கலைத்து வேலி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறது. வேலி ஓரத்தில் அள்ளுவது சுலபமாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

மெதுவா
எங்கள் இடத்தில் ஒருமுறை டிரெய்லர் அச்சு உடைந்து ஒரு மூலையை அள்ளாமலே விட்டோம். அடுத்த மாதம் அந்த மூலை மட்டும் கரும்பச்சை. எல்லை கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

எதற்கு அள்ளுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? வெட்டின புல்லை அப்படியே விட்டால் அந்தப் புல்தரைக்குத் தேவையான தழைச்சத்தில் (நைட்ரஜன்) கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், சீக்கிரம் மட்கிவிடும். அடியில் மெத்தை மாதிரி கட்டுவது இதனால்தான் என்பது தவறான எண்ணம். அது சீக்கிரம் மட்காத தண்டும் வேரும் சேர்ந்து கட்டுவது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாமல் இருந்தால் அள்ளவே வேண்டாம். மழைக்குப் பிறகு வளரவிட்டு ஒரேயடியாக வெட்டினால்தான் கட்டிகட்டியாகக் கிடந்து அடிப்புல்லை மூடி மஞ்சளாக்கும். அப்போது மட்டும் அள்ளுங்கள், இல்லை குறுக்கே இன்னொரு முறை ஓட்டிக் கலைத்துவிடுங்கள்.

பச்சைக்கை
மெதுவா, எனக்கு அந்தப் புல்தான் வேண்டும். காய்கறிப் பாத்தியில் மண்ணை மூடி மூடாக்கு போட.

ஆவி
மூடாக்கு என்றால் மெல்லிசாகப் பரப்புங்கள், ரெண்டு மூன்று செ.மீ. போதும். அது காய்ந்ததும் அடுத்தது. தடிமனாகப் பச்சையாகப் போட்டால் தகடாகப் படிந்து தண்ணீரே இறங்காது.

நான் அள்ளினது மொத்தத்தையும் ஒரே குவியலாகப் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலையில் மேலே ஆவி. கவையால் கிளறினேன். உள்ளே கையை நீட்டினால் வைக்க முடியாத சூடு, அம்மோனியா நெடியில் கண் எரிந்து பின்னால் நகர்ந்துவிட்டேன். இப்படிப்பட்ட குவியல் 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சகஜம். காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை என்று ஏதாவது கலந்து போட்டால்தான் காற்று புகும், நெடியும் அடங்கும். யாராவது குதிரைக்குப் போடக் கேட்டால் கொடுக்காதீர்கள். மோவர் வெட்டின பொடிப்புல் சீக்கிரம் புளித்துவிடும், வயிற்றுக்கு ஆபத்து.

அவரைக்கொடி
செலவில்லாமல் கிடைக்கிறதே என்று பிறர் இடத்துப் புல்லை அள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விளையாட்டு மைதானத்தில் அள்ளிக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல புல், ஒரு களை கிடையாது. களை ஏன் இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாத்தியில் போட்ட பிறகு அவரையின் புதுத்தளிர் எல்லாம் கிண்ணமாகக் குவிந்து முறுக்கிக்கொண்டது. பக்கத்திலேயே மூடாக்கு போடாத கொடி நேராக ஏறிக்கொண்டிருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், "களைக்கு மருந்து அடிச்சோம், எப்போன்னு ஞாபகமில்லை" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

குளோபைரலிட், அமினோபைரலிட் வகை மருந்துகள் புல்லை ஒன்றும் செய்யாது. அவரை, பட்டாணி, தக்காளி எல்லாம் மிகக் குறைந்த அளவுக்கே முறுக்கிக்கொள்ளும். மட்கின பிறகும் வீரியம் போகாது. அதனால் என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் அள்ளாதீர்கள். சந்தேகம் என்றால் அந்தப் புல் மட்கின உரத்தை மண்ணில் கலந்து ஒரு தொட்டியில் அவரை விதை போடுங்கள். முதல் சில இலைகளிலேயே தெரிந்துவிடும்.

மெதுவா
இதற்குத்தான் அள்ளவே வேண்டாம் என்றேன்.

அவரைக்கொடி
நீங்கள் சொன்னது வேறு காரணம், அண்ணே.

ரெண்டுமுனை
எல்லோரும் இயந்திரத்தையே பேசுகிறீர்கள். நாங்கள் ஒரு தார்ப்பாயும் அகல ரேக்கும் வைத்துத்தான் அள்ளுகிறோம். வரி முடிகிற இடத்தில் தார்ப்பாயை விரித்து, ரேக்கால் புல்லை அதன் மேல் உருட்டி, முன்பக்கத்து ரெண்டு முனையை மட்டும் பிடித்து இழுப்போம். நாலு முனையையும் சேர்த்துத் தூக்கப் போனால் முதுகு போய்விடும். பனி ஈரம் இங்கே நல்லது, தார்ப்பாய் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வரும். கொட்டும் இடம் மேட்டில் இருந்தால் மட்டும் இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்.