ஒப்பந்த ஆண்டா, ஒப்பந்த இறுதியாண்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில், 'காண்ட்ராக்ட் இயர்' (ஒரு வீரரின் ஒப்பந்தத்தில் கடைசி ஆண்டு) என்ற கூடைப்பந்துச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று வந்த பரிந்துரைகளை நேற்றிரவு மறுபடி வரிசையாகப் படித்தேன். பெரும்பாலோர் 'ஒப்பந்த ஆண்டு' போதும் என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தப்பு வராது. 'ஒப்பந்த ஆண்டு' என்றே வைத்துக்கொள்வோம்.

தப்பு வருகிறது ஐயா. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஐந்துமே ஒப்பந்த ஆண்டுகள்தானே? இந்தச் சொல்லை முதல்முறை பார்க்கிறவர், ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். விளையாட்டில் இதன் பொருள் அதற்கு மறுமுனையில் இருக்கிறது. கையில் இருக்கும் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அது. அடுத்தது இன்னும் கைக்கு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. தமிழில் 'ஒப்பந்த' என்று தொடங்கினாலே ஒப்பந்தத் தொழிலாளர், ஒப்பந்தச் செவிலியர் என்று நிரந்தரமில்லாத வேலைதான் கண்முன் வருகிறது. 'கடைசி' என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஒரு சொல் தாங்குமா என்று பார்க்க, நடந்த ஒரு கதைக்குள் அதைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இதற்கு ஜிம்மி பட்லரின் கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடுகிறவர் அவர். புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 2011இல் சிகாகோ புல்ஸ் அணி அவரை 30ஆவது ஆளாக, முதல் சுற்றின் கடைசித் தேர்வாக எடுத்தது. முதல் சுற்றில் வருகிறவர்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வரை போகும். நான்காம் சீசன் தொடங்குமுன் அணியும் வீரரும் ஒத்துக்கொண்டால் அதை நீட்டிக்கலாம். 2014 இலையுதிர் காலத்தில் புல்ஸ் அப்படி ஒரு நீட்டிப்பை முன்வைத்தது. பட்லர் வேண்டாம் என்றார். அந்த சீசனில் முழங்கால் போயிருந்தால் பணமும் போயிருக்கும். தெரிந்தேதான் இறங்கினார்.

அதற்கு முந்தைய 2013-14 சீசனில் ஆட்டத்துக்கு 13.1 புள்ளி. கடைசி ஆண்டான 2014-15இல் 20.0. மூன்று புள்ளி வீச்சுகளில் 28.3 சதவீதம் உள்ளே போய்க்கொண்டிருந்தது, 37.8 சதவீதமாக உயர்ந்தது. எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் தடையில்லா வீச்சான ஃப்ரீ த்ரோ, ஆட்டத்துக்கு 5 எறிந்தவர் 7-க்குமேல் எறிந்தார். அந்த ஆண்டில்தான் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதல்முறையாகத் தேர்வானார், அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதையும் வாங்கினார். 2015 கோடையில் புல்ஸ் அணியே ஒன்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஐந்தாண்டுக்கு அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

இதைப் பார்த்ததும் 'பணத்துக்காக ஆடினார்' என்று ஒரு வரியில் முடிக்கிறவர்கள் உண்டு. நம் குழுவிலேயே ஒருவர் 'வேட்டை ஆண்டு' என்று பரிந்துரைத்திருக்கிறார். சுவையான சொல்தான். ஆனால் பட்லர் களத்தில் நின்ற நேரத்தைப் பாருங்கள்: இரண்டு சீசனிலும் ஆட்டத்துக்கு 38.7 நிமிடம், துளி மாற்றமில்லை. பயிற்சியாளரும் அதே டாம் திபடோதான். கூடுதல் நேரம் கிடைத்ததால் எண்கள் ஏறின என்று சொல்ல வழியில்லை. முந்தைய சீசனில் கால் பெருவிரல் காயத்தோடு தவித்தார், அது ஆறியது ஒரு காரணமாகலாம். வயது 25, உடம்பும் ஆட்ட அறிவும் ஒன்றுகூடும் வயது. 2014 கோடையில் அணிக்கு வந்த நெடிய ஆட்டக்காரர் பாவ் காசோல் எதிரணியின் கவனத்தைக் கூடைக்குப் பக்கத்தில் இழுத்திருக்கலாம். பணமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இதில் எது எவ்வளவு என்று எந்தப் புள்ளிவிவரமும் பிரித்துச் சொல்லாது. அப்படியிருக்க, ஆளின் நோக்கத்தைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவைக்க நமக்கு என்ன உரிமை? வீரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத சொல் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்ற பரிந்துரைகளில் 'கடையாண்டு' எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்குட்டி, கடைமடை என்று 'கடைசி'ப் பொருளில் நன்றாகவே புழங்கும் வேர். ஆனால் 'கடைநிலை'யும் அதே வேர்தான்; 'கடையாண்டு வீரர்' என்றால் மட்டமான வீரர் என்று காதில் விழுகிறது. மனமில்லாமல்தான் விடுகிறேன். 'கெடுவாண்டு' வேண்டவே வேண்டாம், எல்லாரும் 'கெட்டுப்போன ஆண்டு' என்றே படிப்பார்கள்.

என் முன்மொழிவு 'ஒப்பந்த இறுதியாண்டு'. 'இறுதியாண்டு' என்ற சொல்லை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு இறுதியாண்டு மாணவர் ஒருவர் இருந்திருக்கிறார். வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வளாகத்துக்கு வரும், மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், வீட்டில் எல்லாருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். மூன்றாண்டு சுமாராகப் படித்த பிள்ளை இறுதியாண்டில் விழுந்து விழுந்து படித்தால் அதைப் பித்தலாட்டம் என்று யாரும் சொல்வதில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் நிலைக்கும், சிலர் வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் நிற்கிற வீரரின் நிலை இதுவேதான். அந்தப் பதற்றம், பிறர் கண் தன்மேல் இருக்கும் உணர்வு, அடுத்து என்ன என்ற கேள்வி எல்லாம் நம் சொல்லில் ஏற்கெனவே படிந்திருக்கிறது.

> 'இறுதியாண்டு வீரர்' என்றால் ஓய்வுபெறப் போகிறவர் என்று ஆகிவிடாதா?

ஆகும். நியாயமான கேள்வி. அதனால்தான் 'ஒப்பந்த' என்ற முன்னொட்டைக் கழற்ற வேண்டாம் என்கிறேன். ஒரு கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'இறுதியாண்டு' என்று சுருக்கினால் குழப்பம் வராது. நீளம் பற்றிக் கவலைப்பட்டவருக்கும் இதுவே பதில்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை நானே எழுப்புகிறேன். எரிக் டாம்பியர் என்ற மைய ஆட்டக்காரர் 2002-03இல் கோல்டன் ஸ்டேட் அணிக்காக ஆட்டத்துக்கு 8.2 புள்ளியும் 6.6 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். மறு சீசனில் 12.3 புள்ளி, 12.0 ரீபவுண்ட். அந்தக் கோடையில் ஏழு ஆண்டுக்கு ஏறக்குறைய 7.3 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு டாலஸ் அணிக்குப் போனார். போன முதல் ஆண்டே 9.2 புள்ளி, 8.5 ரீபவுண்ட். இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் முதலில் விழும் பெயர் இவருடையது. ஆனால் அவருடைய பழைய ஒப்பந்தம் அப்போது முடிந்திருக்கவில்லை. ஆண்டுகள் மீதமிருக்க, விலகும் உரிமையைப் பயன்படுத்தி வெளியே வந்தார். அப்படியென்றால் அது இறுதியாண்டா? எழுத்துப்படி இல்லை, நடப்பில் ஆமாம். விளக்கத்தில் 'ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அல்லது வீரர் தாமே முடித்துக்கொள்ளக்கூடிய ஆண்டு' என்று சேர்த்துவிட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாம்பியரின் பெயரை எடுத்ததால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிய எண்கள் வந்த அந்த ஆண்டில் அவர் களத்தில் நின்ற நேரமும் சுமார் 24 நிமிடத்திலிருந்து 32 நிமிடத்துக்குக் கூடியது. டாலஸில் அது மறுபடி குறைந்தது. ஏறினதிலும் இறங்கினதிலும் ஒரு பங்கு இந்த நிமிடக் கணக்குக்குப் போகும். முழுப் பழியையும் அவர் சோம்பல்மேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இங்கேதான் இரண்டாவது சொல்லும் தேவைப்படுகிறது. அந்த ஆண்டில் எண்கள் கூடுவதை 'எழுச்சி' என்றும் 'வளர்ச்சி' என்றும் கலந்து எழுதியிருக்கிறோம். 'இறுதியாண்டு ஏற்றம்' என்று வைக்கலாம். ஏற்றம் என்றால் ஏறியது என்று மட்டும்தான் பொருள். ஏன் ஏறியது, நிற்குமா என்பதை அது சொல்வதில்லை. கூடவே இறக்கம் என்ற துணைச்சொல்லும் தமிழில் தயாராக இருக்கிறது. 'வளர்ச்சி'யைத் தனியாக வைத்துக்கொள்வோம், வளர்ந்தது திரும்பச் சிறுக்காது. அந்த ஆண்டில் நம் கண்ணுக்குத் தெரிவது ஏற்றம் மட்டும்தான். பட்லர் 2015-16இல் 20.9, 2016-17இல் 23.9 என்று போன பிறகுதான் 2014-15இல் நடந்தது வளர்ச்சி என்று உறுதியாக எழுத முடிந்தது.

கடைசியாக 'மதிப்பு'. ஏலச் செய்திகளைப் படித்துப் படித்து 'விலைபோனார்' என்று எழுதப் பழகியிருக்கிறோம். விலைபோவது தமிழில் வசை, வீரருக்கு அது வேண்டாம். விலையும் மதிப்பும் வேறுவேறு என்பதற்கும் பட்லரே சான்று. 2015-16இல் அவர் சம்பளம் சுமார் 1.64 கோடி டாலர், ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலர். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து மறு ஆண்டே அந்த உச்சவரம்பு 9.4 கோடியைத் தாண்டியது. ஆள் அதே ஆள், கையெழுத்தும் அதே கையெழுத்து; அணியின் கணக்கில் அவர் திடீரென்று மலிவாகிவிட்டார். ஆகவே பணத்தைச் சொல்லும்போது 'சந்தை விலை', ஆட்டத்தைச் சொல்லும்போது 'மதிப்பு' என்று பிரித்தெழுத வேண்டுகிறேன்.

பதிவுக்கான வரைவு இது: 'ஒப்பந்த இறுதியாண்டு – நடப்பு ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அல்லது வீரர் தாமே முடித்துக்கொள்ளக்கூடிய ஆண்டு. எடுத்துக்காட்டு: 2014-15 பட்லரின் ஒப்பந்த இறுதியாண்டு, நீட்டிப்பை மறுத்துவிட்டு அந்த சீசனை ஆடினார்.' மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்து வேறு அணியோடு பேசக்கூடிய வீரரைக் குறிக்கும் 'ஃப்ரீ ஏஜென்ட்' பற்றித் தனி இழையில் பேசுவோம். 'தன்னுரிமை வீரர்' என்பதுவரை எனக்குச் சம்மதம். பிற அணி தரும் தொகையைப் பழைய அணியே கொடுத்துத் தக்கவைக்கும் உரிமைக்குத்தான் இன்னும் ஒரு சொல் பிடிபடவில்லை.

அன்புடன்.